யாரும் விற்காத குடியிருப்பு

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முழுதும் சுற்றியும் ‘விற்பனைக்கு’ என்ற பலகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்தப் பக்கமோ, கொடியில் காயும் துணியைவிடப் பலகைகள்தான் அதிகம். ஒருவன் நாய்க்கூண்டைக்கூட விலைக்கு வைத்திருந்தான்.

ஊரான் வீடுகளுக்கெல்லாம் இருபத்திரண்டு வருடமாக வங்கிக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தவர் அவர். தனக்கு வீடு பார்க்கும்போதும் அதே தொழில் கணக்குதான்: வாங்கியவன் விற்காத இடமே தங்கமான இடம்.

“முப்பது வருஷமா அந்தப் பக்கம் போனவங்க ஒருத்தரும் வித்துட்டு வெளிய வரலையாம்!” என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

“வழி தெரியலையோ என்னவோ,” என்றாள் அவள்.

புரோக்கர் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிட்டார். “முட்டி வலி சார். நீங்க பாத்துட்டு வாங்க.” அந்தப் பக்கம் காலியாக இருந்த ஒரே வீட்டின் சாவியை நீட்டியபோது இருவர் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

மனைவி சமையலறை பார்க்கும் அவசரத்தில் வீட்டுக்குள் ஓடினாள். அவர் வழக்கம்போல முதலில் வெளிச்சுவரை அளக்க டேப்பை உருவினார். நாலு மணி வெயிலிலும் தெரு முழுக்க நேற்றுதான் அடித்ததுபோல ஈரப் பெயின்ட் வாசனை. டிவி இரைச்சல் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே ஓசை, யாரோ நடந்துபோய் ஒரு கதவைத் திறந்து, கொஞ்சம் நின்று, மூடிவிட்டு, அடுத்த கதவுக்கு நடப்பதுபோல.

பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு கிழவி.

“ஏரியா எப்படிம்மா? குடிவந்து ரொம்ப நாளாச்சா?”

“குடியா? சும்மா வீடு பாக்க வந்தோம் தம்பி. காலைலதான். இவன் அப்ப இடுப்புல இருந்தான்.”

அவள் பக்கத்தில் நின்றவனுக்கு நரைத்த தாடி நெஞ்சுவரை தொங்கியது. வாயில் கட்டைவிரல்.

டேப் கைநழுவிச் சர்ரென்று சுருண்டது.

“என்னங்க,” உள்ளேயிருந்து மனைவி. “இன்னும் ஒரே ஒரு ரூம். பாத்துட்டு வந்துடறேன்.”

“வேணாம்! வெளிய வா!”

கதவு திறந்தது. மூடியது. அடுத்த கதவு.

ஓடினார். வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். பேர் சொல்லிக் கத்தினார். காலடி மட்டும். மெதுவாக. இன்னும் மெதுவாக. தரையோடு தேய்த்துக்கொண்டு.

வந்தாள்.

பத்து நிமிடம் முன்பு ஓடியவள். அதே உடை, நைந்து நூலாகியிருந்தது. இடுப்புவரை வெள்ளை முடி. கூன். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை.

“வாங்க, வாங்க. உள்ள நிறைய ரூம் இருக்கு.”

நீட்டிய கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

படியைத் தாண்டிய விரல்கள் உதிர்ந்தன. ஒவ்வொன்றாக. சுண்ணாம்புத் தூளாக, அவர் உள்ளங்கையில்.

பல் போன வாயால் அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.