இரும்புப் பெட்டியும் ஊசியும்

எனக்குப் பொறாமை கொஞ்சம் அதிகம். மறைத்து என்ன ஆகப்போகிறது? அதுவும் ஊசி விஷயத்தில் என் வயிறு தனியாகவே எரியும். அவள் பக்கத்து வீட்டுக்காரி, என் வகுப்புதான். ஒல்லியாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் ஊசி.

அந்த வாரம் அறிவியல் டீச்சர் ஆளுக்கொரு கண்ணாடிக் குழாயும் இரண்டு பொட்டலம் பொடியும் கொடுத்திருந்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பொடியைப் போட்டுக் குலுக்க வேண்டும். தண்ணீரில் இரும்பு இருந்தால் ஆரஞ்சு நிறமாகும்.

எங்கள் தண்ணீர் நல்ல ஆரஞ்சு. ஊசி கொண்டுவந்ததோ கண்ணாடி மாதிரி இருந்தது.

"இவ நோட்டைப் பாருங்க. கட்டம்கூட அளந்து போட்டிருக்கா. சனிக்கிழமை நம்ம தெருக் கிணத்தையெல்லாம் இவதான் சோதிக்கப்போறா" என்று டீச்சர் இரும்பைச் சோதிக்கும் பெரிய பெட்டியை அவளிடம் கொடுத்தார்.

அந்தப் பெட்டிக்காக நான் இரண்டு வாரம் கரும்பலகை துடைத்திருந்தேன்!

சாயங்காலம் வீட்டுப்பாடம் கேட்கிற சாக்கில் ஊசி வீட்டுக்குப் போனேன். துணி துவைக்கும் இடத்தில் ஒரு வெள்ளை வாளி இருந்தது. உள்ளே சுற்றிலும் பழுப்புக் கறை. எங்கள் வாளியிலும் அதே கறைதான்.

"ஊசி, எந்தத் தண்ணியைடி சோதிச்சே?"

"எங்க கிணத்துத் தண்ணிதான். அம்மா முந்தாநாள் குடத்துல பிடிச்சு வெச்சிருந்தாங்க. அடியில கசடு இருக்குமேன்னு மேலாக மொண்டேன்."

எனக்குள் யாரோ துள்ளிக் குதித்தார்கள். குடத்தில் நின்றால் இரும்பு கசடாகி அடியில் தங்கிவிடும், இறைத்த உடனே சோதிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்ன அன்று ஊசிக்குக் காய்ச்சல். அவள் பள்ளிக்கே வரவில்லை.

அதை அவளிடம் சொல்லிவிட்டு, என்னிடம் மீதமிருந்த பொட்டலத்தை எடுத்து வந்தேன். இருவரும் புதிதாக இறைத்துச் சோதித்தோம். எங்கள் தண்ணீரைவிட அடர்த்தியான ஆரஞ்சு.

ஊசியின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவியா?"

சொல்ல வேண்டும் என்றுதான் நாக்கு அரித்தது. சொன்னால் பெட்டி எனக்கு. ஆனால் அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லிடு. நான் மட்டும் வரலேன்னா தெருவுல எல்லார் வீட்டுக் குடத்துலயும் மொண்டு, எல்லாத்தையும் நல்ல தண்ணின்னு எழுதிட்டு வந்திருப்பே" என்றேன்.

மறுநாள் ஊசி எழுந்து நின்று சொல்லிவிட்டாள். டீச்சர் திட்டவே இல்லை. "தப்பைத் தானே வந்து சொல்றதுக்குத் தைரியம் வேணும்" என்றார். வகுப்பே கைதட்டியது.

கண்டுபிடித்தது நான், கைதட்டல் அவளுக்கா? வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது.

"கண்டுபிடிச்சது நான் இல்ல டீச்சர், இவதான்" என்று ஊசி என்னைக் காட்டினாள்.

"அப்போ ரெண்டு பேருமே போயிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை பெட்டியை நான்தான் தூக்குவேன் என்று அடம்பிடித்தேன். ஊசி சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டிலும் இறைத்த கையோடு சோதித்தோம். நாலாவது வீடு முடிந்ததும் என் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது.

"கொஞ்சம் நீ தூக்குடி" என்று கொடுத்துவிட்டேன்.

ஐந்தாவது வீட்டுக்குள் ஊசிதான் பெட்டியோடு முதலில் நுழைந்தாள். எனக்கு வயிறு எரியவே இல்லை.