தாய் குடிக்காத நீர்

ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை.

அவிலியா குடத்தை நிமிர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தான். உள்ளறைத் தரையில் பதித்த களிமண் குழாயின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நீர் நின்றது. நிலவு மறையும் நாளில் நிப்பூர் நகரத்தின் ஒவ்வொரு வீட்டிலும் தரைக்கடியில் புதைத்த தங்கள் முன்னோர்களுக்கு இப்படி ஊற்றுவார்கள். வறண்ட மண் குடித்துவிடும். இங்கே நீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஈரக் களிமண்ணும் எள்ளெண்ணெயும் கலந்த வாடைக்கு அடியில் வேறொன்று, வெயிலில் மூடிவைத்த பேரீச்சம்பழக் குழம்பு புளித்ததுபோல் ஓர் இனிப்பு நாற்றம், அவன் நாக்கின் அடிவரை வந்து உட்கார்ந்தது.

மனைவி லமாசி வாசலில் முக்காட்டால் மூக்கை மூடியிருந்தாள்.

“என்னங்க, குடிக்க மாட்டேங்குறாங்களா உங்கம்மா?”

“எறும்பு மண்ணு அடைச்சிருக்கும்.”

“எறும்பு இப்படியா நாறும். நான் முற்றத்துல இருக்கேன்.”

குழாய்க்கு அடியில் கிடந்த நரம்தானி அவனைப் பெற்றவளல்ல. பிள்ளையில்லாத விதவை, நீதிபதிகள் முன்னால் ஒப்பந்தம் எழுதி அவனைத் தத்தெடுத்தாள். உயிரோடிருக்கும்வரை அவளுக்கு ரொட்டி, எண்ணெய், கம்பளி. செத்தபின் நீர். செய்கிறவனுக்கு வீடு. செய்யாதவன் மகனல்ல, தலையை மழித்து அடிமையாக விற்கலாம்.

கடைசிக் குளிர்காலத்தில் அவளால் நகர முடியவில்லை. அவன் கூழை அவள் அறையின் வாசற்படியில் வைத்தான். மாலையில் எடுத்தான். மறுநாள் அதையே வைத்தான். கூழ் நுரைத்தது, ஏடு கட்டியது, பச்சை பூத்தது. உணவு வைக்காத நாளில்லை என்று எந்தக் கடவுள் முன்னும் அவனால் சத்தியம் செய்ய முடியும். செய்தும் இருந்தான்.

அவள் கணவனின் தம்பி எரிபா அதை நம்பவில்லை. வழக்குப் போட்டான். பொழுது சாய்வதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்ப்பார்கள். செத்தவள் நீரை ஏற்றால் அவன் மகன்.

வெளியே எரிபாவின் குரல் கேட்டது. “மகனே, ஆச்சா?”

“இதோ சித்தப்பா.”

“மெதுவா வா. நாவிதனும் இப்பத்தான் கத்தி தீட்டுறான்.”

யாரோ சிரித்தார்கள்.

அவிலியா குழாய்க்குள் விரலை விட்டான். நீர் வெதுவெதுப்பாக இருந்தது. வழவழத்த ஏடு விரலில் சுற்றிக்கொண்டு வந்தது, நடுவில் ஒரு நரைமுடி. சுவரில் தேய்த்தான். போகவில்லை. கள் ஜாடியில் செருகியிருந்த நீளமான உறிஞ்சு நாணலை எடுத்துக் குழாய்க்குள் இறக்கினான். அடைப்பில் பட்டது. மெத்தென்றிருந்தது. அமுக்கினால் குழிந்து மீண்டது.

கொஞ்சம் உறிஞ்சி எடுத்தால் மட்டம் இறங்கும். அவர்கள் பார்க்க அது போதும்.

முதல் வாயைத் துப்பினான். கட்டிகட்டியாக விழுந்தது. புளிப்பு. பூசணம். கண்ணில் நீர் வந்தது.

இரண்டாவது வாய் அவன் உறிஞ்சாமலே வந்தது.

துப்ப முடியவில்லை. பற்கள் நாணலை விடவில்லை. விழுங்கினான்.

கீழே யாரோ ஊதினார்கள். அவசரமில்லாமல். அவன் விழுங்கும்வரை பொறுத்து. மறுபடி.

விளக்கோடு வாசலில் நின்ற பெரியவர் உள்ளே வரவில்லை. நாற்றம் அவரைத் தடுத்தது. குழாயின்மேல் கவிழ்ந்திருந்த முதுகு மட்டும் தெரிந்தது.

“கும்புடுறான்யா.”

“சும்மா நடிக்கிறான்,” என்றான் எரிபா.

“காதக் குடுத்துக் கேளு. குடிக்கிறா பாரு, மடக்கு மடக்குன்னு.”

எரிபா கேட்டான். மடக்கு மடக்கென்றுதான் கேட்டது.

அது அவிலியாவின் தொண்டை.

“மகன்தான். வீடு இவனுக்கு. சாத்துங்கய்யா கதவ, தாயும் பிள்ளையும் இருக்கட்டும்.”

விளக்கு போனது. வயிறு உப்பி இறுகியது. தோல் விரிந்தது. அவன் தலையைத் தூக்கப் பார்த்தான்.

பிடரியில் ஈரமான ஓர் உள்ளங்கை. குழந்தைக்குப் பால் கொடுப்பவள் பிடிப்பதுபோல், மெல்ல, தாங்கிப் பிடித்திருந்தது.