அதே சாவியால் இன்னொரு முறை

இறந்துபோன அண்ணனின் மடிக்கணினியில் இருந்த அந்த ஒலிப்பதிவுக் கோப்பு, அவள் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் பெருத்திருந்தது.

யாரும் தொடாத கோப்பு வளராது. நிரல் எழுதிப் பிழைப்பவளுக்கு அது தெரியாதா? கண்ணுக்குத்தான் அசதி என்று தள்ளிவிட்டு, மழை கவிந்த அந்தச் சாயங்காலம், ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுவதும் சமையலறையில் அம்மா பாத்திரம் தேய்ப்பதும் காயாத துணியின் வாடையுமாகக் கிடந்த அறையில் பைத்தான் நிரல்மொழியைத் திறந்து உட்கார்ந்தாள். கோப்பை அண்ணன் எக்ஸார் போட்டுப் பூட்டியிருந்தான். ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாவிச் சொல்லோடு கலந்து உருமாற்றும் முறை அது. அதே சாவியோடு மறுபடி கலந்தால் பழையது அப்படியே திரும்பி வரும்.

சாவிதான் தெரியவில்லை. தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுப் பார்த்தாள். குப்பைதான் வந்தது.

பிறகு கோப்பின் கடைசிப் பகுதியை உருட்டிப் பார்த்தவள் விரலை நிறுத்தினாள். ஒலிப்பதிவில் நிசப்தம் என்றால் வெறும் பூஜ்யம். பூஜ்யத்தோடு கலந்தால் சாவி மட்டும் மிஞ்சும். திரை முழுக்க ஒரே சொல், பக்கம் பக்கமாக: வாலு வாலு வாலு.

அண்ணன் மட்டும் அவளைக் கூப்பிடும் பெயர்.

அதையே சாவியாகக் கொடுத்தாள். கோப்பு திறந்தது. அண்ணனின் குரல், கிசுகிசுப்பாக.

"வாலு, நல்லாக் கேளு. இங்க என் ரூம் வாசல்ல ஒண்ணு நிக்குது. நான் பேசுறதைக் கேட்டுக் கேட்டு என் குரலைப் பழகுது. எனக்கு ஏதாவது ஆயிட்டா அது நம்ம வீட்டுக்கு வரும். கதவைத் திறக்காதீங்க. அம்மாவைத் திறக்க விடாதே."

அந்தக் குரலுக்குப் பின்னால், கதவுக்கு அப்பாலிருந்து, அதே சொற்கள் சற்றுப் பிந்தி வந்தன. குழறலாக. பிறகு, கோப்பு புதிதாக வளர்ந்திருந்த பகுதியில், குழறாமல். கடைசியில் எது அண்ணன் என்று அவளுக்கே தெரியவில்லை.

பதிவு நிசப்தத்துக்குள் போனது.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"அம்மா. நான்தாம்மா."

பாத்திரச் சத்தம் நின்றது.

"அம்மா, திறக்காதீங்க. அது அண்ணன் இல்ல." அறையிலிருந்து கத்தினாள்.

"என் புள்ள குரல் எனக்குத் தெரியாதாடி?" அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

அவள் அறையிலிருந்து ஓடினாள். கூடம் இருட்டு. தாழ்ப்பாள் விலகும் ஓசை. ஈரக்காற்று.

கதவு விரியத் திறந்து கிடந்தது. அம்மா வாசற்படியில் மண்டியிட்டு, தரையோடு தரையாகக் கிடந்த எதையோ கோதிவிட்டபடி, "எப்படி இளைச்சுட்டே கண்ணா," என்றாள்.

இருட்டிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்து அம்மாவின் கழுத்தைச் சுற்றியது. அந்தக் கை இரண்டு இடங்களில் முழங்கைபோல் மடங்கியது.