போயிட்டு வரேன்

"கடைசியா உங்கப்பா என்னம்மா சொல்லிட்டுப் போனாரு?" என்று போலீஸ்காரர் என்னிடம் கேட்டார்.

"போயிட்டு வரேன்னு."

மலைமேல் இருக்கும் ஏரிக்கு அப்பா காவல்காரர். கீழே ஊர் முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். அடைமழையில் ஏரிக்கு நீர் தரும் ஊற்றுக்கண்ணைப் பார்த்துவரப் போனவர் பிணமாகக்கூடக் கிடைக்கவில்லை.

ஆனால் சொன்ன சொல் தவறவில்லை.

பொழுது சாயும்போது ஏரியிலிருந்து பனி எழுந்து எங்கள் காவல்வீட்டு ஜன்னலை மூடும். ஈரப்பாசி வாசனை வரும். பிறகு பூட்ஸ் சத்தம். உள்ளே தண்ணீர் புகுந்த பூட்ஸ். சளக், சளக். வாசற்படியில் வந்து நிற்கும். கதவைத் தட்டாது, பேசாது. காலையில் படி மட்டும் நனைந்திருக்கும்.

அப்பாவின் வேலை அண்ணனுக்கு வந்தது. அதன்பின் நாங்கள் இருவரும் 'வரேன்' என்று சொல்லிக் கிளம்புவதே இல்லை. கடைக்குப் போனால்கூட "கதவைச் சாத்திக்கோ" என்பான். அவ்வளவுதான்.

அப்போதுதான் மரக் கான்ட்ராக்டர் ஜீப்பில் வந்தார். ஊற்றைச் சுற்றி நிற்கும் பழைய மரங்களை வெட்டி ஏற்ற லாரி உள்ளே போகணுமாம், கேட் சாவி வேண்டுமாம்.

"அந்த மரம் போனா ஊத்து வத்திரும் சார்." அண்ணன் மெதுவாகச் சொன்னான்.

"வத்தட்டுமே. நீ என்ன, ஏரி மீனா?" தானே சிரித்துக்கொண்டார். "நாளைக்குச் சாவி வரலேன்னா, உன் வேலையில வேற ஆள் இருப்பான்."

அண்ணன் தலைகுனிந்தான். கொடுத்துவிடுவான் என்று தெரிந்தது.

கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். "மரத்தை ஒரு எட்டு பாத்துட்டு இறங்குறேன். வரேன் தங்கச்சி."

நான் வாய் திறப்பதே அபூர்வம். திறந்தேன்.

"இங்க அப்படிச் சொல்லாதீங்க."

"பின்ன, போறேன்னா சொல்லுவாங்க? நல்ல பொண்ணு போ! காலையில ஆளுங்களோட வரேன்."

செருப்பைத் தேய்த்தபடி ஏரிப் பாதையில் இறங்கினார். பனி முதலில் அவர் சட்டையை மறைத்தது. பிறகு சிரிப்பையும்.

விடிந்தபோது ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. வெட்ட வந்த ஆட்கள் பகலெல்லாம் அவரைத் தேடிவிட்டு, வெட்டாமலே திரும்பினார்கள்.

பனி எழுந்தது.

சளக், சளக்.

அதன் பின்னாலேயே, தேய்த்து நடக்கும் செருப்பு.

இரண்டும் படியில் நின்றன.

அண்ணன் என் கையைப் பற்றினான். ஜில்லென்றிருந்தது.

"தங்கச்சி..." கதவுக்கு வெளியே, தண்ணீர் நிறைந்த தொண்டையில் ஒரு குரல். "வந்துட்டேன்."

பொழுது விடிந்ததும் அண்ணன் துணிகளைப் பையில் அடைத்தான்.

"நீயும் கிளம்பு."

"நாம ரெண்டு பேரும் போனா சாவி வேற கைக்குப் போயிரும்ணா."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சாவியை மேசைமேல் வைத்தான்.

படியில் இரண்டு ஜோடி ஈரத்தடங்கள். ஒன்று பூட்ஸ், ஒன்று செருப்பு. இரண்டும் வீட்டைப் பார்த்து வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

அவற்றைத் தாண்டிக் கால் வைத்த அண்ணன் ஒருமுறை திரும்பினான். பழக்கதோஷம், 'வ' வரைக்கும் உதடு வந்துவிட்டது. பல்லால் கடித்துக்கொண்டான்.

ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனான்.