எடுபிடிக்கு விடுதலை

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் காலை மணி அடித்ததும் ஒப்பந்தக்காரர்களின் கழுத்துக்கு முழுக் காற்று வரும். எஸ்தர் டீச்சர் தன் மூச்சுவளையம் பச்சை காட்டும்வரை படுக்கையிலேயே அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள். நிலவுக் குடிமக்களுக்கு நுரையீரலிலேயே காற்றாக்கிக் கருவி பதிக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வந்தவர்களுக்குக் கழுத்தில் வளையம். முதலாளி அனுமதித்த எல்லைக்குள் அது காற்றுத் தரும். எல்லையை நெருங்கினால் குறைக்கும். அதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை.

அன்றைய பாடம், அடிமைகள் தப்பியோடிய வரலாறு. வகுப்பின் நடுவே ஓர் இரும்புக் கழுத்து வளையம் ஒளியுருவாகச் சுழன்றது. நாய்கள் மோப்பம் பிடிக்காதபடி ஆற்றுக்குள்ளேயே நடந்தவர்களைப் பற்றி எஸ்தர் சொன்னாள். சொல்லிக்கொண்டே நாள்காட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அவள் ஒப்பந்தம் முடிகிறது. கப்பலில் இடமும் போட்டாயிற்று. பூமியில், சொந்த ஊரான நாசரேத்தில் மகள் ஜெபா ஒன்றாம் வகுப்பில் சேரப்போகிறாள். முதல் நாள் அம்மாதான் கொண்டுவந்து விடவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.

குடியிருப்பு நிர்வாகியின் மகள் ஆருத்ரா அழுதேவிட்டாள்.

"தப்புன்னு யாருமே சொல்லலயா மிஸ்?"

"சொன்னவங்க கொஞ்சப் பேருதாம்மா. மத்தவங்க பாத்துப் பாத்துப் பழகிட்டாங்க."

பிள்ளைகள் மெல்லத் தலையைத் திருப்பினார்கள். எஸ்தரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஆனால் அவர்கள் பார்த்தது பின்வரிசையை. அங்கே ஓர் எடுபிடி மேசை துடைத்துக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் வேலை செய்யும் எந்திரம்தான். இதற்குப் பிள்ளைகள் சுப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மிஸ்... அப்ப நம்ம சுப்பு?"

சுப்புவை விடுவிக்கும்வரை பிள்ளைகள் சோறு தின்ன மறுத்தார்கள். பெற்றோர் நெகிழ்ந்தார்கள். எதிர்த்துப் பேசினால் அசிங்கம் என்று பேசாமல் இருந்தவர்களும் உண்டு. இரண்டே நாளில் எடுபிடிகள் அனைத்துக்கும் விடுதலை அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு பாயசம். மறுநாள் காலையில் பாயசக் கிண்ணங்கள் கழுவாமல் கிடந்தன.

நிர்வாகி சிவஞானம் எஸ்தரைக் கூப்பிட்டனுப்பினார்.

"பெரிய காரியம் பண்ணிட்டீங்க டீச்சர். வீட்ல எம்பொண்ணு வாயைத் தொறந்தா உங்க பேச்சுதான்."

"சந்தோஷம் சார். வெள்ளிக்கிழமை கப்பல்... வளையத்தைக் கழட்டிவிட்டீங்கன்னா..."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். எடுபிடியெல்லாம் வேலைய விட்டுருச்சு, வேலைக்கு ஆளில்ல. ஒப்பந்தக்காரங்க எல்லாருக்கும் காலத்த நீட்டிச்சாச்சு. வளையம் எங்க பேர்லயே இருக்கட்டும். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு."

"எம்புள்ள பள்ளிக்கூடம் சேருது சார்."

"இங்கயும் புள்ளைங்கதான இருக்கு டீச்சர்?"

பள்ளி முடிந்ததும் இனி அவர் வீட்டுச் சமையலறை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே எஸ்தர் ஆருத்ராவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்மா. நீ சொன்னா கேப்பாரு."

"ஐயோ மிஸ், நீங்க என்ன அடிமையா? கையெழுத்துப் போட்டுத்தான வந்தீங்க!" ஆருத்ரா சிரித்தபடி அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். பிறகு தன் எச்சில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஒரே கூட்டம். எஸ்தரின் இருக்கை வீணாகப் போக வேண்டாமே என்று, விடுதலை பெற்ற முதல் பயணியாகச் சுப்புவை அனுப்பினார்கள். பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். எஸ்தர் கூட்டத்தை இடித்துக்கொண்டு மஞ்சள் எல்லைக் கோடுவரை வந்தாள். வளையம் சிவந்தது. காற்று குறைந்தது. அவள் கையில் ஒரு சின்னப் புத்தகப் பை. விண்ணாடைத் துணியில் தானே தைத்தது.

"சுப்பு... இத மட்டும் எம்மக கையில குடுத்துரு. வீட்ல உள்ளவங்க கப்பலடிக்கே வந்து வாங்கிக்குவாங்க."

சுப்பு நின்றது. அதன் எட்டுக் கைகளில் ஆறில் பிள்ளைகள் கொடுத்த பரிசுப் பொட்டலங்கள். அது இதுவரை யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று சற்று நேரம் தேடியது. ஊருக்குப் போகிற ஒப்பந்தக்காரர்களின் பெட்டிகளை எத்தனையோ வருடம் இதே வாசலுக்குச் சுமந்து வந்ததில், பொட்டலம் நீட்டியவர்களிடம் அவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டுப் பதிந்திருந்த பதில் ஒன்று கிடைத்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க மிஸ்," என்றது. "எனக்கே வெயிட் கூடிப்போச்சு."