கூரைமேல் இழுப்பு

விளக்கேற்றும் நேரத்தில் அழகுத்தாயின் காதில் அந்த மூச்சிழுப்பு விழுந்தது. எமர்ஜென்சி வந்த வருஷத்து ஆடி மழை சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களை ஊறவைத்துக்கொண்டிருக்க, ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் புகை லயத்துத் தகரக்கூரைக்குக் கீழே தேங்கி நிற்க, அந்தச் சத்தம் மட்டும் விசிலும் விம்மலுமாக வந்துகொண்டே இருந்தது. மகள் பிறந்த நாள் முதலாய்க் கேட்டுப் பழகிய சத்தம். பதறிப்போய்ப் பாயண்டை ஓடினாள். முத்துப்பேச்சி இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக இருந்தது.

சத்தம் கூரைமேலிருந்து வந்தது.

பிள்ளைக்கு இழுப்பு நின்றதே போன வாரம்தான். ஆஸ்பத்திரி ஊசிக்கு மசியாத நோய்க்குக் கருங்குரங்கு லேகியம்தான் மருந்து என்று லயமே சொன்னது. பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கையில் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? புருஷன் பெரியமுத்துவை நச்சரித்துக் காட்டுக்கு அனுப்பினாள். அவன் சுட்டுக் கொண்டுவந்ததை அவளே கிண்டி உருட்டி ஊட்டினாள். அன்றோடு சோலையில் குரங்குகளின் விடியற்காலைக் கூப்பாடு அடங்கிவிட்டது. பாரஸ்ட் கார்டு மரியஜோசப் வந்து, ஆளாளுக்கு லேகியம் லேகியமென்று சுட்டதில் மிஞ்சியிருந்தது ஒரு தாயும் குட்டியும்தான், இப்போது அதையும் காணோம் என்று புலம்பினார்.

சுட்டுவந்த அன்றைக்குப் பெரியமுத்து சோற்றில் கைவைக்காமல் சொன்னது மட்டும் அவளுக்குள் கிடந்து அறுத்தது. "குட்டி ஆத்தா மார விடமாட்டேன்னுருச்சு, புள்ள. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுப் போட்டுட்டு வந்தேன். மழையில கெடந்து இழுத்துச்சு."

தகரம் நெளிந்தது. இழுப்பு நகர்ந்து வந்தது. கூரையோர இறவாணத்தில். சுவரில். பிறகு கதவின் கீழ்ச்சந்தில். ஈர மயிரின் வாடை உள்ளே வந்தது. பெரியமுத்து ஸ்டோரில் அடுப்புக் காவலுக்குப் போயிருந்தான், விடியாமல் வரமாட்டான்.

முத்துப்பேச்சி கண் விழித்தாள்.

"அம்மா, அதுக்கு மூச்சு முட்டுது. உள்ள விடும்மா."

"பேசாமப் படு தாயி."

கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். வெகுநேரம் கழித்துச் சத்தம் அடங்கியது. செத்துத் தொலைந்திருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. திரியைத் தணித்துவிட்டு மகள் பக்கத்தில் படுத்தாள்.

கண் அசரும்போது சின்ன விரல்கள் அவள் ரவிக்கையைப் பற்றின. பிள்ளை பயந்துவிட்டது என்று மனசு இளகியது. அணைத்துக்கொண்டாள். நனைந்திருந்தது. குளிர்ந்திருந்தது.

தலையைத் திருப்பினாள்.

முத்துப்பேச்சி ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தாள். இரண்டு கையும் கன்னத்துக்கு அடியில்.

அழகுத்தாயின் தாடைக்குக் கீழே இழுப்பு மெல்லத் தொடங்கியது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பற்றியது.