ஒன்றரை அடித் தண்ணீர்

காலை ஏழு மணி.

சிறுபாலத்தின் குழாயிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக் கொண்டிருந்தன!

அடி அண்ணாமலை கிராமத்தைத் தாண்டி, மலையிலிருந்து இறங்கும் ஓடையை ஒட்டிய மனைப்பிரிவு அது. எங்கும் சேறு.

போலீஸார் உடலை வெளியே இழுத்தார்கள்.

"ஐயோ... இன்ஜினியர் இராமலிங்கம் சார்!" யாரோ அலறினார்கள்.

இன்ஸ்பெக்டர் குமரேசன் திரும்பினார். மனைப்பிரிவின் சொந்தக்காரர் அருள்ராஜ், வெளுத்த முகத்தோடு நின்றார்.

"கடைசியா இவர்கூட இருந்தது நீங்கதானே?"

"ஆமா சார். நேத்து சாயந்திரம் சைட்டைப் பார்க்க வந்தோம். தண்ணி புரண்டு வந்துச்சு. அவரை அடிச்சுட்டுப் போயிடுச்சு சார்!"

கரையில் அளவுகோலோடு நின்ற சைலஜா அதைக் கேட்டாள். எவ்வளவு மழைக்கு எந்த ஓடையில் எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்று ஊருக்குக் கணக்குப் போட்டுத் தருவது அவள் வேலை.

பிணத்தைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார்... ஒரு பத்து நிமிஷம். தனியா பேசணும்."

மாலை நான்கு மணி. போலீஸ் ஸ்டேஷன்.

அருள்ராஜுக்கு எதிரே குமரேசன். பக்கத்து நாற்காலியில் சைலஜா. மேஜை மேல் ஒரு பழைய ரிப்போர்ட்.

"இது உங்க லேஅவுட்டுக்கு இராமலிங்கம் போட்டுக் குடுத்த வெள்ள மட்டம்." சைலஜா பக்கத்தைப் புரட்டினாள். "எவ்ளோ மழை பேஞ்சாலும் ஒன்றரை அடிக்கு மேல ஏறாதுன்னு இருக்கு. கரெக்டா?"

"க... கரெக்ட்."

"ஒன்றரை அடின்னா முழங்காலுக்குக் கூட வராது. அது ஆறடி ஆளை அடிச்சுட்டுப் போகுமா?"

அருள்ராஜின் நெற்றியில் வேர்வை!

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதை டீக்கடைக்காரர் பார்த்திருக்காரு," என்றார் குமரேசன். "தண்ணி கம்மி. அங்க இருந்தது நீங்க மட்டும்தான். அப்ப தலையைப் பிடிச்சு அமுக்கினது யாரு?"

"சார்! நான் கொலைகாரன் இல்ல சார்!"

"ரிப்போர்ட் அப்படி சொல்லலியே?"

"ரிப்போர்ட் பொய் சார்!"

சைலஜா குமரேசனைப் பார்த்தாள்.

அருள்ராஜ் செல்போனை எடுத்தார்.

"நேத்து மேட்டுல நின்னு எடுத்த வீடியோ... நீங்களே பாருங்க!"

திரையில் செம்மண் தண்ணீர் சுழன்றது. காம்பவுண்டு சுவர்களே தெரியவில்லை!

"எட்டடி சார்! ரெண்டு வருஷம் முன்னாடி இதைவிட ஜாஸ்தி வந்துச்சு. உண்மையான மட்டத்தைப் போட்டா அப்ரூவல் கிடைக்காது. நான் சொல்லித்தான் அவரு ஒன்றரைன்னு எழுதினாரு!"

குமரேசன் செல்போனை வாங்கி உறையில் போட்டார். இன்னொரு உறையைப் பிரித்தார்.

"போஸ்ட்மார்ட்டம். மதியம் ஒரு மணிக்கே வந்துடுச்சு. ஹார்ட் அட்டாக். தண்ணியில விழறதுக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு."

அருள்ராஜ் வாயைப் பிளந்தார்.

"அப்ப... கொலை கேஸே இல்லியா?"

"இவரு சாவுல இல்ல," என்றாள் சைலஜா. "பன்னிரண்டாம் நம்பர் வீடு ஞாபகம் இருக்கா? சிவப்பிரியா. ரெண்டு வயசுக் கொழந்தையைத் தூக்கிக்கிட்டுப் பரண்ல ஏறி உக்காந்தா. தண்ணி அங்கயும் வந்துச்சு. 'ஒன்றரை அடி தண்ணியில மூழ்கினா அது அவங்க கவனக்குறைவு'ன்னு கோர்ட்ல சொன்னீங்க..."

"நீ... நீ யாரு?"

"அவ அக்கா."

அருள்ராஜ் எழப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நான் போட்ட கணக்கை ஒருத்தரும் நம்பல. நேத்து மழை ஒன்பது சென்டிமீட்டர். அதுக்கே எட்டடின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவ செத்த அன்னிக்குப் பதினேழு சென்டிமீட்டர்!"

கண்களைத் துடைத்துக் கொண்டு அவள் வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கான்ஸ்டபிள் லாக்கப் சாவியோடு வந்தார்.

"எந்த ரூம்ல போடட்டும் சார்?"

குமரேசன் தொப்பியை மாட்டிக் கொண்டார்.

"கடைசி ரூம்ல. மழை வந்தா அங்கதான் ஒழுகும்... எத்தனை அடின்னு இனிமே சார் பொய் சொல்ல மாட்டாரு!"